உடைத்துப் பார்க்கும் நிலையம்

சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் நடுவண் அரசின் பொது ஆய்வகம். சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் அது இயங்குகிறது. பொறியாளர்கள் அதை எஸ்.இ.ஆர்.சி. என்பார்கள். பாலம், கட்டடம், மின்கோபுரம், அணுமின் நிலையக் குழாய் என்று சுமை தாங்க வேண்டிய ஒரு பொருள் எவ்வளவு தாங்கும், தாங்க முடியாதபோது எந்த இடத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும் என்று கண்டறிவது அதன் தொழில். பாதி வேலை கணக்கு. மீதிப் பாதி, முழு அளவிலேயே ஒன்றைச் செய்து நிறுத்தி, உடையும்வரை இழுத்தும் அழுத்தியும் ஆட்டியும் பார்ப்பது.

இப்படி ஒரு வேலையை அரசு ஏன் எடுத்துச் செய்ய வேண்டும்? ஒரு தொழிற்சாலை தன் சரக்கைத் தானே சோதித்து, தாங்கும் என்று தானே சான்று கொடுத்தால், வாங்குகிறவர் நம்பத் தயங்குவார். சிறு தொழில் நடத்துபவருக்கோ பல கோடி ரூபாய்ச் சோதனைக்கூடம் வைக்க வழியில்லை. பொருள் விற்பதாலோ விற்காமல் போவதாலோ தனக்கு ஒன்றும் ஆகாத மூன்றாவது தரப்பு தேவைப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொழில் வளர்ந்த நாடுகள் இதை உணர்ந்துவிட்டன. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம் 1903-இல் தொடங்கிய பொறியியல் சோதனை நிலையத்தில் ஆர்தர் டால்பட் கம்பி வைத்த காங்கிரீட் உத்திரங்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். அப்போது கம்பி வைத்த காங்கிரீட் புதிய பொருள். யாருக்கும் அதன் குணம் முழுதாகத் தெரியாது. இப்படி உடைத்து எழுதிய குறிப்புகளிலிருந்துதான் வடிவமைப்பு விதிகள் பிறந்தன.

இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 செப்டம்பர் 26 அன்று உருவானது. வைசிராய் அவையில் வணிகத்துறைப் பொறுப்பில் இருந்த ஆற்காடு ராமசாமி முதலியாரும் வேதியியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் அதற்கு முன்நின்றார்கள். கட்டமைப்புப் பொறியியலுக்கென்று தனி மையம் வந்தது 1965-இல். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி கடலோடு போயிருந்தது. கட்டமைப்பு என்ற சொல்லின் கனத்தைத் தமிழ்நாடு நேரில் பார்த்த காலம் அது.

மையத்தின் நிறுவன இயக்குநர் ஜி.எஸ். ராமசாமி. காங்கிரீட் ஓடுகளால் கூரை அமைக்கும் துறையில் உலகறிந்த பெயர். அவர் வளர்த்தெடுத்த முறை ஒன்று, பொது ஆய்வகம் சாதாரண மக்களுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்றும் சிறந்த எடுத்துக்காட்டு. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

காங்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுத்தால் எளிதில் வெடிக்கும். தட்டையான தளத்தின் மேல் பாரம் ஏற்றினால் அது நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது மேற்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அடிப்பக்கத்தைக் காப்பாற்றத்தான் இரும்புக் கம்பி. தளம் முழுதும் அழுத்தத்தை மட்டுமே சந்திக்கும்படி ஒரு வடிவம் கிடைத்தால் கம்பிச் செலவு பெருமளவு மிச்சம். அந்த வடிவத்தைத் தேடும் வழியை 1675-இலேயே ராபர்ட் ஹூக் சொல்லிவிட்டார். தொங்கவிட்ட சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. அதே வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால், அங்கே அழுத்தம் மட்டுமே இருக்கும்.

ராமசாமி இதைச் சங்கிலியிலிருந்து துணிக்கு நீட்டினார். ஒரு சதுரச் சட்டத்தின்மேல் துணியை விரித்துக் கட்டி, அதன்மேல் காங்கிரீட்டைச் சீராகப் பரப்பினால், பாரத்தால் துணி தானே தொய்ந்து ஒரு குழிவு உண்டாகிறது. சீரான பாரத்துக்கு எது பொருத்தமான வளைவோ அதை இயற்கையே வரைந்து கொடுத்துவிடுகிறது. காங்கிரீட் இறுகியதும் கவிழ்த்தால் குவிந்த ஓடு தயார். இந்த ஓட்டுக்குள் கம்பி தேவையில்லை. சுற்று விளிம்பில் மட்டும் போதும். கணினி வேண்டாம், விலையுயர்ந்த அச்சு வேண்டாம். மரச்சட்டமும் சாக்குத்துணியும் இருந்தால் ஊர்க் கொத்தனாரே செய்துவிடலாம். ஓடுகளை உத்திரங்களுக்கு இடையே அடுக்கி, மேற்பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தினால் மாடித்தளம் வந்துவிடும். முன்வார்ப்பு இருவளைவு ஓடுகளால் தளமும் கூரையும் அமைக்கும் முறை பின்னர் ஐ.எஸ். 6332 என்ற இந்தியத் தரநிலையாகவே வெளிவந்தது.

இதன் அருமை கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் விளங்கும். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் கனத்தில் தட்டைத் தளம் போட்டால் தளத்தின் எடை மட்டுமே 6.7 டன். அதைத் தாங்கிப் பிடிக்கச் சென்ட்ரிங் பலகையும் முட்டும் வாடகைக்கு எடுத்து, காங்கிரீட் இறுகும்வரை நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஓடோ விளிம்பு நீங்கலாகச் சுமார் 60 கிலோ. தரையிலேயே வார்த்து, நீராற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிவிடலாம். லாரி எளிதில் ஏறாத கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு, பிரித்துச் சுமந்து செல்லக்கூடிய கூரை என்பது சிறிய வசதி அல்ல. இத்தனை நன்மை இருந்தும் இந்த முறை நம் தொகுப்பு வீடுகளில் பரவலாக இடம்பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அதன் காரணத்துக்குப் பின்னால் வருவோம்.

மெல்லிய கட்டுமானத்தைத் தேடும் அதே ஆர்வம் மையத்தின் பிற பணிகளிலும் தொடர்கிறது. கோழி வலை போன்ற மெல்லிய கம்பி வலைகளை அடுக்கி, சிமெண்ட் கலவை பூசிச் செய்யும் ஃபெரோசிமெண்ட் தண்ணீர்த் தொட்டிகளை அது உருவாக்கிக் காட்டியது. அண்மைக் காலத்தில் இழைவலை காங்கிரீட் வந்திருக்கிறது. சாதாரணக் காங்கிரீட்டில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் குறைந்தது 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூட வேண்டும். ஆகவே பலகையை ஓர் அளவுக்குமேல் மெலிதாக்க முடியாது. இரும்புக்குப் பதில் கண்ணாடி இழையால் நெய்த வலையை வைத்தால் துரு என்ற பேச்சே இல்லை. மெல்லிய பலகைகளை வார்த்து, கொண்டுபோய்ப் பூட்டி, கழிப்பறை போன்ற சிறு கட்டடங்களை விரைவில் எழுப்பும் முறையைத் தரமணி உருவாக்கித் தந்துள்ளது.

தொழில்துறைக்கு மையம் ஆற்றும் பணியில் கண்ணுக்குத் தெரியும் பெரிய அடையாளம் மின்கோபுரச் சோதனைத் திடல். நெய்வேலியிலிருந்து சேலம் நோக்கி உயர் அழுத்த மின்சாரம் கொண்டுசெல்லும் கோபுரங்கள் வயலுக்கு நடுவே வரிசையாக நிற்பதை அந்த வழியிலுள்ள மக்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஒரே வடிவமைப்பில் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் நிறுத்தப்படும் என்பதால், வடிவமைப்பில் ஒரு சிறு பிழை இருந்தாலும் அது வரிசை முழுதும் பெருகிவிடும். எனவே முதலில் ஒன்றை முழு உயரத்தில் சோதனைத் திடலில் நிறுத்துவார்கள். கம்பியின் எடை, காற்றின் தள்ளல், ஒரு பக்கக் கம்பி அறுந்தால் மறுபக்கம் இழுக்கும் விசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஈடாக எஃகு வடங்களைக் கட்டி வின்ச்சால் இழுப்பார்கள். வடிவமைப்புச் சுமையில் 50 சதவீதம், பிறகு 75, 90, 95, கடைசியில் 100. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, கோபுரம் எவ்வளவு சாய்ந்தது என்றும், உறுப்புகளில் ஒட்டிய, நீட்சியை அளக்கும் மென்தகட்டு அளவிகள் என்ன காட்டுகின்றன என்றும் குறிப்பார்கள். நூறையும் தாண்டி, கோபுரம் விழும்வரை இழுப்பதும் உண்டு.

விழும் விதம் கவனத்துக்குரியது. எஃகு பெரும்பாலும் நசுங்குவதில்லை, அறுவதும் இல்லை. நீண்டு மெலிந்த உறுப்பு ஒன்று திடீரென்று பக்கவாட்டில் நெளிந்து மடங்குகிறது. தென்னை ஈர்க்கை இரு விரலுக்கிடையே நெட்டாக அழுத்தினால் நடப்பது இதுதான். லியோனார்ட் ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, உறுப்பின் நீளம் இரு மடங்கானால் அது நெளியாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். கோபுரத்தில் குறுக்கும் நெடுக்குமாக இத்தனை சிறு சட்டங்கள் இருப்பது அதனால்தான். அவை ஒவ்வொன்றும் கால்களின் நீளத்தைத் துண்டாக்கி, நெளியும் நீளத்தைக் குறைக்கின்றன. பழைய இரும்புக்காக யாரேனும் அடியிலிருந்து இரண்டு குறுக்குச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போனால், பார்வைக்குக் கோபுரம் அப்படியே நிற்கும். அடுத்த புயலில் அந்த இடத்தில்தான் மடங்கும்.

பெரிய நிறுவனங்கள் சில தமக்கென்றே சோதனைத் திடல் வைத்துள்ளன. மற்றவை தரமணிக்கு வருகின்றன, கட்டணம் செலுத்திச் சோதிக்கின்றன. அந்த வருவாயும் ஆலோசனைக் கட்டணமும் தொழில்நுட்ப உரிமத் தொகையும் அரசு மானியத்தோடு சேர்ந்து மையத்தை நடத்துகின்றன. மானியத்தை முற்றிலும் குறைத்து, சம்பாதித்துப் பிழைத்துக்கொள் என்று இத்தகைய நிறுவனங்களை விட்டுவிட்டால், கட்டணம் தருபவர் கேட்கும் வேலை மட்டும் நடக்கும். ஏழை வீட்டுக் கூரைக்குக் கட்டணம் தர ஆளில்லை. பொதுப்பணம் தேவைப்படும் இடம் அதுவே.

தொழிலுக்கும் மக்களுக்கும் ஒருசேரப் பயன்படும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. புயலில் மின்கோபுரம் விழுந்தால் புதிதாக எழுப்பப் பல வாரங்கள் ஆகும். அதுவரை மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, எடை குறைந்த துண்டுகளாக வரும் தற்காலிகக் கோபுரம் வேண்டும். இதை இந்தியா வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துவந்தது. தரமணி மையம் உள்நாட்டிலேயே அதை வடிவமைத்து, 2020-இல் அகமதாபாத் நிறுவனம் ஒன்றுக்கு உற்பத்தி உரிமம் அளித்தது. 33 முதல் 800 கிலோவோல்ட் வரையிலான பாதைகளுக்கு ஏற்றது. இரண்டு மூன்று நாளில் மின்சாரத்தை மீட்கலாம். விலை இறக்குமதிச் சரக்கில் ஏறத்தாழ 40 சதவீதமே என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்து, டெல்டா ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் வைத்ததை நினைத்தால், இரண்டு நாள் என்பதன் மதிப்பு தெரியும். சாய்ந்த சிறு கம்பங்களுக்கு இது தீர்வு ஆகாது. ஆனால் தாய்ப்பாதை உயிர்பெறாமல் கிளைப்பாதையில் மின்சாரம் ஓடாது.

காற்று, மையத்தின் இன்னொரு பெரும் ஆய்வுப் பொருள். காற்றழுத்தத்தைக் கணக்கிடும் அடிப்படை எளிது. நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். சென்னைக்குத் தரநிலை வகுத்த அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அழுத்தம் 1,500 நியூட்டன். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடை. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். வேகம் கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் வெகுவாக ஏறும்.

சிக்கல் எங்கே என்றால், காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். மூன்று சதுர மீட்டர்த் தகரத்தை 400 கிலோவுக்கு மேற்பட்ட விசை தூக்கக்கூடும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடுதல். எந்த வடிவத்தின் எந்த மூலையில் எவ்வளவு என்பதைக் கணக்கால் மட்டும் சொல்ல முடியாது. அதற்காகவே தரமணியில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. நிலத்தையொட்டி வரும் காற்று மரத்திலும் வீட்டிலும் உரசி வேகம் குறையும். மேலே போகப் போக வேகம் கூடும். சுரங்கத்தின் தரையில் மரக்கட்டைகளைப் பரப்பி அந்த உரசலை உண்டாக்கி, கட்டடத்தின் சிறு மாதிரியை நடுவே வைத்து, அதன் மேற்பரப்பில் துளைத்த நுண்துளைகள் வழியாக அழுத்தத்தை அளக்கிறார்கள். இந்தியக் காற்றுச்சுமைத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, வெட்டவெளி முதல் நெருக்கமான நகரம் வரை நிலத்தை நான்கு வகையாகப் பிரிப்பதும் இதே காரணத்தால். கிழக்குக் கடற்கரை மாநிலங்களுக்குப் புயல் காப்பகங்களை வடிவமைத்துத் தரவும் இந்த அறிவு பயன்பட்டது.

அந்தத் தரநிலையின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், புயல் தாக்கும் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் முக்கியக் கட்டடங்களுக்குக் காற்று வேகத்தை 1.30 மடங்கு கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. மருத்துவமனை, காப்பகம் போன்று புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டியவை இதில் அடங்கும். வேகம் 1.30 மடங்கானால் அழுத்தம் 1.69 மடங்கு. ரிஷிவந்தியம் அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கிறது. அதனால் புயல் பயம் இல்லை என்று பொருளல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. உள்மாவட்டங்களைக் காற்று அல்ல, நீர்தான் வீழ்த்தியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, திறப்புவிழா கண்டு மூன்றே மாதமான அகரம்பள்ளிப்பட்டு பாலம் தென்பெண்ணையோடு போனது. பாலம் நொடிக்குச் சுமார் 54,000 கன அடிக்குத்தான் வடிவமைக்கப்பட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது.

கட்டமைப்பு ஆய்வகத்தின் எல்லை எது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சொன்ன சுமையைப் பாலம் தாங்குமா என்று அது சோதிக்கும். எந்தச் சுமையைச் சொல்ல வேண்டும் என்பது நீரியலாளரும் வானிலையாளரும் கொடுக்க வேண்டிய எண். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குக் கட்டுவது என்பது அரசின் முடிவு. மூன்றில் ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் வீண். இத்துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வடிவமைப்பது இப்போதுள்ள வானிலையில் கட்டாயமாகிவிட்டது.

மையத்தின் கல்விப் பணியில் மூன்று அடுக்குகள் உள்ளன. அறிவியல், புத்தாக்க ஆராய்ச்சிக்கான அகாதெமி என்ற நிறுவனம் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து 2012 முதல் இயங்குகிறது; அதன்வழி தரமணியிலேயே முதுநிலைப் பொறியியலும் முனைவர் பட்டமும் பெறலாம். பணியில் இருக்கும் பொறியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2017-இல் சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கிய ஜிக்யாசா திட்டம் ஆய்வகக் கதவைத் திறந்துவைக்கிறது. பாடநூலில் வரைபடமாகப் பார்த்த உத்திரம் கண்ணெதிரே கீறல் விட்டு, கீறல் அகன்று, சத்தத்தோடு முறிவதைக் காணும் மாணவருக்குக் கம்பி ஏன் அடிப்பக்கம் வேண்டும் என்பது மறக்காது.

நான்காவது அடுக்கு ஒன்று இல்லை; குறை அங்கேதான். கிராமத்தில் வீடு கட்டுவது முனைவர் அல்ல. கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், வந்து பார்த்துப் பில் எழுதும் ஒன்றியத்து ஓவர்சியர் ஆகியோரே. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தாரா, தகரத்தின் ஓர வரிசையில் ஜே போல்ட்டை நெருக்கிப் போட்டாரா என்பதில்தான் ஆய்வகத்தின் அறுபது ஆண்டு உழைப்பு ஊருக்கு வந்து சேருவதும் சேராததும் இருக்கிறது. இந்தியத் தரநிலைகளை இன்று கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். புயலைத் தாங்கும் சிறு வீடுகளுக்கென்றே ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டி 2004-இல் வந்திருக்கிறது. அதைப் படித்துக் கொத்தனாருக்கு அவர் மொழியில் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. ராமசாமியின் துணி ஓடு பரவாமல் நின்றதற்கும் இதுவே முதற்காரணம்: மதிப்பீட்டுப் பட்டியலில் இல்லாத கூரைக்கு ஓவர்சியர் பில் எழுத முடியாது, பார்த்திராத கூரையை வீட்டுக்காரர் கேட்கமாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. கனவு இல்லத் திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு வீட்டையாவது துணி ஓட்டுக் கூரையோடு கட்டிக் காட்டலாம். அந்தக் கட்டுமானத்தையே உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சிக்களமாக ஆக்கலாம். ஐ.எஸ். 15498-ஐப் படங்களோடு நாற்பது பக்கத் தமிழ்க் கையேடாக்கி ஊராட்சி அலுவலகம்தோறும் வைக்கலாம். வீடு கட்டும் ஒவ்வொருவரும் அந்தக் கையேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தரமணியும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையும் சேர்ந்து அதைக் கொடுக்க வேண்டும்.